சிற்றளவில் அச்சாகும் பேஸ்பால் அட்டைகள்

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகள் என்றதும் டாப்ஸ், பௌமன், ஃபிளீர் முதலிய பெருநிறுவனங்களின் பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். சூயிங்கம் பொட்டலத்தோடு பெட்டிக்கடைக்கு வந்து பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் போன, பேரளவில் அச்சான அட்டைகள் அவை. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு மரபும் நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. ஓர் ஊர்ப் பத்திரிகையோ, ஒரு சிறு பதிப்பாளரோ, வீட்டு மேசையில் உட்கார்ந்து வடிவமைக்கும் ஒரு தனி ஆளோ, பத்துப் பிரதி முதல் சில ஆயிரம் பிரதி வரை மட்டும் அச்சிட்டு வெளியிடும் அட்டைகளின் மரபு அது. விலைப்பட்டியல்கள் நெடுநாள் அவற்றைக் கடைசிப் பக்கங்களில் தள்ளிவைத்திருந்தன. ஆட்டத்தின் வரலாற்றில் பெரிய நிறுவனங்கள் பதியாமல் விட்ட பலவற்றைப் பதிந்துவைத்தவை இந்த அட்டைகள்தான்.

இதற்கு மிகப் பெரிய சான்று 1914-இல் பால்டிமோர் நகரில் கிடைக்கிறது. ‘பால்டிமோர் நியூஸ்’ நாளிதழ் உள்ளூர் அணிகளின் ஆட்டக்காரர்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டது. முன்பக்கம் ஒற்றை நிறத்தில், சிவப்பிலோ நீலத்திலோ, வீரரின் படம். பின்பக்கம் அணியின் ஆட்ட அட்டவணை. சீசன் முடிந்ததும் தூக்கியெறியப்பட வேண்டிய பொருள். ஆனால் அந்த வரிசையில் ஒருவர் பேப் ரூத். அப்போது 19 வயது, இன்னும் பெரிய லீகில் ஆடாதவர். அந்த ஆண்டு ஜூலையில்தான் அவர் பாஸ்டன் அணிக்கு விற்கப்பட்டார். அந்த அட்டையில் இன்று பத்துப் பிரதிகள் அளவுக்கே இருப்பது தெரியும். அவற்றில் ஒன்று 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பெரிய நிறுவனம் கவனிப்பதற்கு முன்பே உள்ளூர்க்காரர் கவனித்துவிடுகிறார் என்பதே சிற்றச்சு அட்டைகளின் அடிப்படைப் பலம். பிற்காலத்தில் சிறு லீக் அணிகளுக்காக வந்த தொகுப்புகளிலும் இதே பலம் வெளிப்படுகிறது.

பெருநிறுவன அட்டைகளில் இடைவெளிகள் எப்படி விழுந்தன என்பது தெரிந்தால்தான் சிற்றச்சின் தேவை புரியும். 1880-களில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்கச் செருகிய தடித்த தாளில் படம் அச்சிடும் வழக்கம் பரவியது. ஆலன் அண்டு ஜின்டர், குட்வின் ஆகிய புகையிலை நிறுவனங்கள் பேஸ்பால் வீரர்களை அதில் கொண்டுவந்தன. 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்ற புகையிலை வரிசையில் ஹோனஸ் வாக்னரின் அட்டை அவருடைய மறுப்பால் பாதியில் நின்றுபோனது. எஞ்சியவை சில பத்துகளே என்பதால் அது சேகரிப்பு உலகின் உச்சப் பொருளாயிற்று. 1933-இல் கௌடி கம் நிறுவனம் 240 அட்டைகள் என்று எண்ணிட்ட வரிசையில் 106-ஆம் எண்ணை வெளியிடவே இல்லை. தொகுப்பை முடிக்க முடியாதவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். மறு ஆண்டு அந்த எண்ணில் நெப்போலியன் லாஜோயின் அட்டையை அச்சிட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பியது நிறுவனம். சேகரிப்பாளர் கேட்டதற்காகச் சிறு எண்ணிக்கையில் அச்சான அட்டைகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒப்பந்தங்களின் காலம் வந்தது. வீரர் யாரோடு கையெழுத்திட்டாரோ அந்த நிறுவனம் மட்டுமே அவர் படத்தை அச்சிட முடியும். பௌமனும் டாப்ஸும் இதற்காக நீதிமன்றம் போயின. பௌமனின் உரிமையைப் பெற்றிருந்த ஹேலன் லேபரட்டரீஸ் தொடுத்த வழக்கில், ஒருவர் தம் உருவத்தின் வணிகப் பயனைத் தாமே ஆளும் உரிமை உண்டு என்று 1953-இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் தீர்ப்பெழுதினார். விளம்பரத்திலும் திரைப்படத்திலும் இன்று பிரபலங்கள் கோரும் உருவ உரிமை பெயர் பெற்றது இந்த சூயிங்கம் அட்டை வழக்கில்தான். 1956-இல் பௌமனையே டாப்ஸ் வாங்கிவிட்டது. அதன்பின் 1981-இல் ஃபிளீரும் டான்ரஸும் உள்ளே வரும் வரை சந்தை ஏறக்குறைய ஒரே கையில் இருந்தது.

ஒரே கையில் இருந்ததன் விலையைச் சேகரிப்பாளர்கள் கொடுத்தார்கள். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த அடிப்பாளர்களில் ஒருவரான ஸ்டான் மியூசியல் 1958 வரை டாப்ஸ் அட்டையில் இல்லை. 1962-இல் தேசிய லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற மோரி வில்ஸுக்கு டாப்ஸ் அட்டை வந்தது 1967-இல். அச்சுத் தாளின் கணக்கும் ஓர் எல்லை. டாப்ஸின் அச்சுத் தாளில் 132 அட்டைகள் அடங்கும். 1970-களின் நடுவில் ஒரு வரிசைக்கு 660 அட்டைகள் வந்தது ஐந்து தாள் கணக்கு. அதற்கு மேல் இருந்த மாற்று ஆட்டக்காரருக்கும், சிறு லீக்கில் ஏறி இறங்கிய இளைஞருக்கும் இடமில்லை.

1975-இல் டாப்ஸே இந்த இடைவெளியை எதிர்கொள்ள நேர்ந்தது. அந்த ஆண்டு வரிசையில், 1951 முதல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஒவ்வொருவரின் பழைய அட்டையையும் சிறிதாக்கிக் காட்டும் ஒரு பகுதி இருந்தது. ராய் காம்பனெல்லா அந்த விருதைப் பெற்ற 1951-லும் 1955-லும், வில்ஸ் பெற்ற 1962-லும் அவர்களுக்கு டாப்ஸ் அட்டை வந்ததே இல்லை. ஆகவே அந்தந்த ஆண்டின் வடிவத்தில் புதிதாக வரைந்து, வந்த அட்டைபோலவே அச்சிட்டார்கள். இன்று தனிநபர்கள் ‘வராத அட்டைகள்’ என்று செய்து மகிழும் வகைக்கு முன்மாதிரியைத் தந்தது இப்படி ஒரு பெருநிறுவனமே.

சேகரிப்பாளருக்காகச் சேகரிப்பாளரே அச்சிடும் வழக்கம் 1960-களின் இறுதியில் உருவானது. ஆர். ஜி. லாஃப்லின் என்ற ஓவியர் 1967-இல் உலகத் தொடர் ஆட்டங்களைக் கேலிச்சித்திர பாணியில் வரைந்து ஏறத்தாழ 300 தொகுப்புகள் மட்டும் அச்சிட்டார். அவருடைய ஓவியங்களைக் கொண்டே ஃபிளீர் நிறுவனம் 1970-லும் 1971-லும் உலகத் தொடர் அட்டைகளை வெளியிட்டது. 1974-இல் அவர் ‘பழங்காலக் கறுப்பின நட்சத்திரங்கள்’ என்று 36 அட்டைகள் கொண்டுவந்தார். இந்த ஒரு தொகுப்பின் முக்கியத்துவத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். நிறவெறியால் 1947 வரை பெரிய லீகுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களை அமெரிக்க அட்டை நிறுவனங்கள் அச்சிடவே இல்லை. வரலாற்றின் பேராற்றல் வாய்ந்த அடிப்பாளர்களில் ஒருவரான ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். அவருக்கு அக்காலத்தை ஒட்டிக் கிடைக்கும் அட்டை புவேர்ட்டோ ரிக்கோவில் வந்த ‘டோலெட்டெரோஸ்’ வரிசையில்தான் உண்டு. விஸ்கான்சினில் அஞ்சல்வழி அட்டை வணிகம் செய்த லாரி ஃப்ரிட்ஷ் 1986-இல், கறுப்பினத்தவருக்கென்று இருந்த நீக்ரோ லீக் வீரர்களுக்கு ஒரு தனித் தொகுப்பைக் கொண்டுவந்தார். மிகக் குறுகிய காலம் மட்டும் ஆடி மறைந்தவர்களுக்காகவும் 1977 தொடங்கி அவர் தொகுப்புகள் வெளியிட்டார். பெரிய நிறுவனத்துக்கு இதில் லாபமில்லை. சிறு பதிப்பாளருக்கோ அந்த வீரரின் பெயர் காகிதத்தில் ஏற வேண்டும் என்ற ஆசையே போதுமானதாயிருந்தது.

1972 முதல் டிசிஎம்ஏ என்ற சிறு நிறுவனம் சிறு லீக் அணிகளுக்குத் தொகுப்புகள் அச்சிடத் தொடங்கியது. மைதானத்தில் விற்கவும் ரசிகருக்குக் கொடுக்கவும் ஆனவை. பெரும்பாலானோர் பெரிய லீகைப் பார்க்காமலே வேறு வேலைக்குப் போனார்கள். ஆனாலும் 1980 கிரீன்ஸ்பரோ அணித் தொகுப்பில் டான் மேட்டிங்லியும், 1981 பாடக்கெட் தொகுப்பில் வேட் பாக்ஸும் இருக்கிறார்கள். டாப்ஸ் அவர்களை எட்டியது அதற்குப் பிறகு. இதே வட்டத்திலிருந்து 1976-இல் எஸ்எஸ்பிசி என்ற பெயரில் 630 அட்டைகள் கொண்ட முழு வரிசையே வந்தது. அதன் பின்பக்கக் குறிப்புகளை எழுதியவர் அப்போது பள்ளி மாணவராக இருந்த கீத் ஓல்பர்மன். பின்னாளில் நாடறிந்த தொலைக்காட்சி வர்ணனையாளர்.

இம்மரபின் இருண்ட பக்கமும் அதே பத்தாண்டுகளில் தோன்றியது. 1980-களில் உரிமம் இல்லாமல், வெளியிட்டவர் பெயர் இல்லாமல், நல்ல வண்ணப் படங்களோடு அட்டைகள் சந்தைக்கு வந்தன. தொடக்கத்தில் அவற்றை விற்றவரின் குடும்பப் பெயரால் ‘ப்ரோடர்’ என்ற பெயர் அந்த வகை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. புகழ்பெற்ற வீரரின் முதல் ஆண்டு என்று சொல்லி இவற்றை விற்றவர்கள் பலர். யார், எப்போது, எத்தனை அச்சிட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லாததால் அவற்றின் அருமை பற்றிய எந்தக் கூற்றையும் சரிபார்க்க வழியில்லை.

அடுத்த திருப்பம் அச்சுத் தொழில்நுட்பத்தில் நிகழ்ந்தது. ஆப்செட் அச்சில் நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் செய்து, இயந்திரத்தில் ஏற்றி, மைச் சமநிலை வரும் வரை தாளை ஓட்டிக் கழிக்க வேண்டும். நூறு பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் இந்தத் தொடக்கச் செலவு ஒன்றே. 1993-இல் இண்டிகோ நிறுவனம் பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் வண்ண அச்சு இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. அவ்வகை இயந்திரங்கள் பரவியதும் ஐம்பது பிரதிக்கும் ஒரு பிரதிக்கும் அட்டை விலை ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு எண் அச்சிடுவதும் எளிதாயிற்று. சிற்றச்சு அட்டை பதிப்பாளர் கையிலிருந்து தனிநபர் கைக்கு வந்தது இப்படித்தான்.

நல்ல சிற்றச்சு அட்டைக்கு அளவும் தாளும் வெட்டும் சரியாக அமைய வேண்டும். 1957-இல் டாப்ஸ் நிலைநிறுத்திய இரண்டரை அங்குலம், மூன்றரை அங்குலம் என்பதே இன்றும் பொது அளவு. இந்த அளவில் இடைவெளி விடாமல் அடுக்கினால் ஏ4 தாளில் ஒன்பது அட்டை பிடிக்கும். ஓரம் வரை நிறம் போகும் வடிவமானால் நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நிறத்தை நீட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியும். தாள் 300 முதல் 350 ஜிஎஸ்எம் இருந்தால் கையில் அட்டையின் கனம் வரும். பழைய வடிவத்தைப் பின்பற்றும் அட்டைக்குப் பளபளப்பான லேமினேஷன் பொருந்தாது. 1950-களின் அட்டைகள் மங்கலான, சற்றே சாம்பல் சாய்ந்த அட்டைத் தாளில் வந்தவை. பலர் படத்துக்குச் செலவிடும் கவனத்தில் கால் பங்கைக்கூட வெட்டுக்குச் செலவிடுவதில்லை. மழுங்கிய கத்தியில் வெட்டிய கருநிற ஓரத்தில் டோனர் உதிர்ந்து வெண்புள்ளிகள் தெரிவது டிஜிட்டல் அட்டைகளில் மிகுதியாகக் காணும் குறை.

உள்ளடக்கத்தில் மூன்று போக்குகள் தெரிகின்றன. முதலாவது, வந்திருக்க வேண்டிய அட்டையைச் செய்வது. இதில் முன்னோடியாக மதிக்கப்படுபவர் பாப் லெம்கி. பேஸ்பால் அட்டைகளின் முதன்மையான விலைப்பட்டியல் நூலைப் பல்லாண்டு பதிப்பித்தவர், 2017-இல் மறைந்தவர். வாழ்நாள் முழுதும் வந்த அட்டைகளைப் பட்டியலிட்ட அவர், ஓய்வுக்குப் பின் வராத அட்டைகளை அந்தந்த ஆண்டின் எழுத்துருவும் நிறமும் பின்பக்க நடையும் பிசகாமல் வடித்தார். 1955-இல் டாப்ஸ் வெளியிட்ட கல்லூரிக் கால்பந்து வரிசைக்கு அவர் சேர்த்த புதிய வீரர்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது போக்கு, பழைய பாணியைத் தழுவிய புதிய ஓவியம். மிச்சிகனில் உள்ள ஹெல்மார் நிறுவனம் புகையிலைக் கால அட்டைகளின் தோற்றத்தில், புதிதாகத் தீட்டிய ஓவியங்களைக் கொண்டு வெளியிட்டுவரும் வரிசைகள் இவ்வகை. மூன்றாவது, அட்டையை ஒரு சிறு ஓவியப் பரப்பாகக் கொள்வது. 1997-இல் சூரிச்சில் வான்ச்சி ஸ்டிர்னெமன் தொடங்கிய கலைஞர் அட்டை இயக்கம் விளையாட்டு அட்டையின் அளவையே எடுத்துக்கொண்டது. விற்கக் கூடாது, கலைஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள மட்டுமே வேண்டும் என்பது அதன் விதி. கையால் தீட்டிய விளையாட்டு அட்டைகளைச் செய்வோர் பலர் இந்த மரபிலிருந்தும் கற்றிருக்கிறார்கள்.

அருமை என்பதைப் பெருநிறுவனங்களும் விலைப்பொருளாக்கின. 1980-களின் பிற்பகுதியில் அளவுக்கு மீறி அச்சிட்டதால் அக்கால அட்டைகள் இன்றும் மதிப்பின்றிக் கிடக்கின்றன. அதற்கு மாற்றாக எண்ணிட்ட பிரதிகள் வந்தன. 1990-இல் அப்பர் டெக் 2,500 அட்டைகளில் ரெஜி ஜாக்சனின் கையெழுத்தை எண்ணோடு வைத்தது. 1997-இல் ஃபிளீரின் ஃபிளேர் ஷோகேஸ் வரிசையில் உலகில் ஒன்றே ஒன்று என்ற அட்டைகள் வந்தன. பின்னர் அச்சுப் பிளேட்டையே அட்டையளவில் வெட்டி, நிறத்துக்கு ஒன்றாக நான்கு ‘ஒன்றே ஒன்று’ என்று பொட்டலத்தில் வைத்தார்கள். 2016-இல் டாப்ஸ் நவ் திட்டம் வந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் அட்டை விற்பனைக்கு வந்தது. 24 மணி நேரத்தில் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பிரதி. எண்ணிக்கையை நிறுவனமே அறிவித்தது. பார்டோலோ கோலோன் தம் 42-ஆம் வயதில் அடித்த முதல் ஹோம் ரன் அட்டை அந்த ஆண்டு 8,826 பிரதி விற்றது. 2020-இல் இருபது கலைஞர்களைக் கொண்டு டாப்ஸ் நடத்திய ஓவிய வரிசையில் தொடக்க அட்டைகள் சில ஆயிரங்களுக்குள் நின்றன. அவற்றின் மறுவிற்பனை விலை ஏறியதைக் கண்டு எல்லோரும் வாங்கியதில், சில வாரங்களில் ஓர் அட்டையின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கியது. விலையும் சரிந்தது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. குறைந்த எண்ணிக்கை மட்டும் ஓர் அட்டைக்கு மதிப்புத் தராது. இன்று யாரும் எதையும் ஒரே பிரதி அச்சிடலாம். ஒரே பிரதி என்பதால் அதை யாரும் தேட வேண்டிய கட்டாயமில்லை. பால்டிமோர் ரூத் அட்டையைத் தேடுவது பத்தே இருப்பதற்காக மட்டுமன்று. வேறெங்கும் இல்லாத ஒரு தருணம் அதில் இருப்பதற்காக.

சட்டத்தில் மூன்று உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புகைப்படம் எடுத்தவரின் காப்புரிமை ஒன்று. அணியின் சின்னமும் பெயரும் வணிகக் குறியீடாக அணிக்குச் சொந்தம், இது இரண்டு. வீரரின் உருவ உரிமை மூன்று. வீரர்கள் சங்கத்தின் உரிமம் மட்டும் பெற்றிருந்த பனினி நிறுவனத்தின் பேஸ்பால் அட்டைகளில் தொப்பி மொட்டையாக, சின்னம் அழிக்கப்பட்டு இருந்தது இதனால்தான். 2010-இல் அப்பர் டெக் சின்னங்கள் தெரியும்படி அச்சிட்டபோது லீக் வழக்குத் தொடுத்தது. ஆனால் நீதிமன்றங்கள் எப்போதும் உரிமையாளர் பக்கமே நின்றதில்லை. வீரர்களின் சம்பளத்தையும் செருக்கையும் கிண்டல் செய்து 130 அட்டைகள் அச்சிடத் திட்டமிட்ட கார்ட்டூன்ஸ் என்ற ஓக்லஹோமா நிறுவனத்துக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேலி அட்டைகள் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்றது. கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸை ஓவியர் ரிக் ரஷ் தீட்டி, 250 பெரிய பிரதிகளும் 5,000 சிறிய பிரதிகளும் விற்ற வழக்கில் 2003-இல் ஓவியர் வென்றார். படத்தை அப்படியே எடுத்து ஒட்டியவருக்கு இந்தத் தீர்ப்புகள் துணைவரா. தம் கையால் புதிதாக ஒன்றைப் படைத்தவருக்கே துணைவரும். சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உள்ள பெயின் செய்தி நிறுவனத்தின் புகைப்படங்கள் பெரும் செல்வம். 1910-களின் ஆட்டக்காரர்கள் ஏராளமாக, பயன்படுத்தத் தடையேதும் அறியப்படாத நிலையில் அங்கே கிடைக்கிறார்கள்.

பழைய பாணியில் செய்த புதிய அட்டை, கைமாறிக் கைமாறி ஒருநாள் பழைய அட்டையாகவே விற்கப்படும் அபாயம் உண்டு. செய்தவர் நேர்மையானவராக இருக்கலாம். நான்காவது கை அப்படி இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், பழைய ஆப்செட் அட்டையில் பெயரும் கருங்கோடும் திண்மையான மையில் இருக்கும். படத்தை ஸ்கேன் செய்து திரும்ப அச்சிட்டதில் அந்த எழுத்தே நிறப்புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புற ஊதா விளக்கில் புதிய தாள் நீல வெண்மையாக ஒளிரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் தாளில் அப்படி ஒளிரச் செய்யும் வெளுப்பூட்டி கிடையாது. இந்தச் சோதனைகள் தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும். ஆகவே தாளை வேண்டுமென்றே சாயமேற்றி, மூலை மழுக்கி, பழமையாக்கி விற்பதைக் கலை என்று சொல்லிவிட முடியாது. பின்பக்கத்தில் அழியாத அச்சில் ஆண்டு இல்லாத பட்சத்தில் அது ஏமாற்றுக்கு வழி திறந்துவைப்பதே.

பாதுகாப்பிலும் இவ்வட்டைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். டோனரில் அச்சான அட்டையை பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் நிறம் உறையில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையே ஏற்றது. வீட்டு இங்க்ஜெட்டில் சாய மையால் அச்சிட்டவை வெளிச்சத்தில் வெளிறும். நிறமி மை நின்று பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பட்டியல் இல்லாமை. அமெரிக்க அட்டைகளுக்கு ஒழுங்கான பட்டியல் கிடைத்தது ஜெஃபர்சன் பர்டிக் என்ற ஒருவரால். சிரக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர். 1939 முதல் அவர் வெளியிட்ட பட்டியலில்தான் டி206 முதலான குறியீடுகள் பிறந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் சிறு அச்சுகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து தம் கையால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். சிற்றச்சு அட்டைகளுக்கு இப்படி ஒரு பர்டிக் இன்னும் வரவில்லை. பெரிய தரச்சான்று நிறுவனங்களும் உரிமமற்ற தனிநபர் அட்டைகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனவே பொறுப்பு அச்சிடுபவர் மீதும் வாங்குபவர் மீதும் விழுகிறது. அச்சிடுபவர் தம் பெயர், ஆண்டு, மொத்தப் பிரதிகள், படத்தின் மூலம் ஆகிய நான்கையும் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும். இந்த நான்கும் இல்லாத அட்டையை, எத்தனை அழகாக இருந்தாலும், சேகரிப்பாளர் வாங்காமல் விட வேண்டும்.